லீஸ் காரில் சிப் பொருத்துவதற்கு முன்: எஞ்சின் கணினியும் ஒப்பந்தமும்

லீஸில் எடுத்த டர்போ கார். ஓட்ட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் போகும் லாரியை முந்தும்போது இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் தேவலை என்று மனம் கேட்கிறது. இணையத்தில் தேடினால் சிப் என்ற பெயரில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றின் விளம்பரம் வருகிறது. பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், முப்பது குதிரைத்திறன் கூடும், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கழற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறது. இதில் முதல் இரண்டும் ஓரளவு உண்மை. மூன்றாவதை நம்பி இறங்கியவர்கள்தான் கடைசியில் பெரிய தொகை கட்ட நேர்கிறது.

எஞ்சினின் கணினி என்ன செய்கிறது, லீஸ் காலத்தில் வண்டி யாருடையது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். பலர் முதலாவதை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்கிறார்கள்.

கணினி எடுக்கும் முடிவுகள்

மெக்கானிக்குகள் ஈசியூ என்று சொல்வது பானெட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலோ இருக்கும் ஒரு சிறிய பெட்டி. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி அதற்குள்தான் இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 முறை எரிபொருள் எரிகிறது. அந்த ஒவ்வொரு எரிதலுக்கும் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் ஸ்பார்க் பிளக்கைப் பொறியவைப்பது, டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளுவது என்பதை ஈசியூதான் முடிவு செய்கிறது.

முடிவெடுக்க அதற்குத் தகவல் வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு, அதன் வெப்பம் எவ்வளவு, கூலன்ட் சூடேறிவிட்டதா, புகைக்குழாயில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் உண்டு. எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார், உள்ளே முறையற்ற எரிதல் எழுப்பும் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தத் தகவல்களை வைத்து ஈசியூ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்குப் போடுவதில்லை. அதன் நினைவகத்தில் ஏற்கெனவே நிரப்பப்பட்ட அட்டவணைகள் இருக்கின்றன. எஞ்சின் கணினியின் எண்களை மாற்றித் திறனைக் கூட்டும் ட்யூனிங் வேலை செய்பவர்கள் இவற்றை மேப் என்பார்கள். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறுபக்கம் எஞ்சின் மீதுள்ள சுமை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். நிமிடத்துக்கு 2,500 சுற்று, பாதிச் சுமை என்றால் ஸ்பார்க்கை இத்தனை டிகிரி முன்னதாகக் கொடு என்று அந்த எண் சொல்லும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே எஞ்சின் ஓடினால், இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட மதிப்பை ஈசியூ கணக்கிட்டுக்கொள்ளும்.

இப்போதைய கார்களில் இன்னொரு அடுக்கும் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிப்பது, எஞ்சினுக்குள் காற்று போகும் கதவான த்ராட்டிலை நேரடியாகத் திறப்பதில்லை. "எனக்கு இவ்வளவு முறுக்குவிசை வேண்டும்" என்ற கோரிக்கையாக அது ஈசியூவுக்குப் போகிறது. கியர்பாக்ஸ் இதைத் தாங்குமா, சக்கரம் வழுக்குகிறதா, எஞ்சின் சூடு எப்படி என்று வரிசையாகப் பல வரம்புகளைத் தாண்டித்தான் அந்தக் கோரிக்கை நிறைவேறும். ஆகவே திறனைக் கூட்ட நினைப்பவர் ஓர் அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது. வரம்பு அட்டவணைகளையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். அந்த வரம்புகள் எதற்காக வைக்கப்பட்டன என்பதுதான் அடுத்த கேள்வி.

தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி

ஒரே எஞ்சின் இரண்டு மூன்று திறன் அளவுகளில் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். சில மாடல்களில் பாகங்களிலும் வேறுபாடு இருக்கும், சிலவற்றில் மென்பொருளில் மட்டும். இதைப் பார்த்து, "கம்பெனிக்காரன் வேண்டுமென்றே திறனைப் பூட்டி வைத்திருக்கிறான்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். விற்பனைத் தந்திரம் இதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைவெளியின் பெரும்பகுதி வேறு காரணங்களுக்காக இருக்கிறது.

அந்த எஞ்சின் உறைபனியிலும் ஓட வேண்டும், கொளுத்தும் வெயிலில் மலையேறும் பாதையிலும் ஓட வேண்டும். ஆக்டேன் குறைந்த, அதாவது அழுத்தத்தில் எளிதாகத் தானே வெடித்துவிடும் பெட்ரோல் போட்டாலும் உடையக் கூடாது. காற்று மெலிந்த உயரங்களில், அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும், அதற்கும் இடம் வேண்டும். ஏர் ஃபில்டரை மாற்ற மறந்துவிடும் ஓட்டுநர், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் ஓட்டுநர், எல்லாரையும் மனத்தில் வைத்துத்தான் எண்கள் நிரப்பப்படுகின்றன. புகை விதிகளும் கியர்பாக்ஸின் தாங்குதிறனும் வாரண்டிக் காலத்தில் எத்தனை வண்டி பழுதாகித் திரும்பி வரும் என்ற கணக்கும் இதில் சேரும்.

சிப் செய்வது இந்த இடைவெளியைச் செலவழிப்பதைத்தான். புதிதாக எந்தச் சக்தியையும் அது கொண்டுவருவதில்லை. எஞ்சினின் பாதுகாப்புக்கும் ஆயுளுக்கும் என்று ஒதுக்கிய சேமிப்பிலிருந்து எடுத்து வேகமாகத் தருகிறது. சொந்த வண்டி என்றால் அந்தச் சேமிப்பு உங்களுடையது, செலவழிப்பதும் உங்கள் விருப்பம். லீஸ் வண்டியில் அது வேறொருவருடையது.

சிப் என்ற பெயரில் விற்பவை

எரிபொருளையும் ஸ்பார்க்கையும் ஒரே கணினியில் சேர்த்துக் கட்டுப்படுத்திய பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த ஈசியூக்களில் மேப் எண்கள் ஈப்ராம் எனப்படும் தனிச் சில்லில் இருந்தன. ஈசியூவைத் திறந்து, பழைய சில்லை எடுத்துவிட்டு, மாற்றிய எண்கள் எழுதப்பட்ட புதியதைச் சொருகினார்கள். உண்மையிலேயே சிப் மாற்றியது அந்தக் காலத்தில்தான்.

பின்னர் நினைவகம் ஃப்ளாஷ் வகைக்கு மாறியது. அதைக் கழற்றாமலே அழித்து மீண்டும் எழுதலாம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற பொதுவான பரிசோதனை போர்ட் கட்டாயமானது. ஐரோப்பாவிலும் அதே வகை போர்ட் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த போர்ட்டில் லேப்டாப்பை இணைத்து மேப்பை மாற்றி எழுதுவதே ரீமேப். நல்ல ட்யூனர் முதலில் ஒரிஜினல் கோப்பைப் படித்துச் சேமிப்பார். எழுதும் நேரம் முழுவதும் பேட்டரி மின்னழுத்தம் இறங்காதபடி வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பார். பாதியில் மின்சாரம் தடைப்பட்டால் ஈசியூ செயலிழந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடலாம். புதிய ஈசியூக்கள் பலவற்றில் இப்படி எழுதுவதைத் தடுக்கும் பூட்டு இருப்பதால், பெட்டியைத் திறந்து நேரடியாக இணைக்க வேண்டிய வேலையும் வரும்.

விளம்பரத்தில் வரும் சின்னப் பெட்டி வேறு வகை. ட்யூனிங் பாக்ஸ் அல்லது பிக்கிபேக் என்பார்கள். அது ஈசியூவின் உள்ளே எதையும் மாற்றாது. சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். டர்போ அழுத்தம், பார் என்ற அலகில், 1.1 இருக்கும்போது 0.8 பார்தான் என்று ஈசியூவுக்குத் தெரிவிக்கும். குறைவாக இருக்கிறதே என்று ஈசியூ இன்னும் ஏற்றும். டீசல் வண்டிகளில் எரிபொருள் ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் பெட்டிகளும் உண்டு. ரீமேப்பைவிட இது பாதுகாப்பானது என்று விற்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈசியூவின் பாதுகாப்புக் கணக்குகள் எல்லாம் சென்சார் சொல்வது உண்மை என்ற நம்பிக்கையில் நிற்பவை.

பெடல் பாக்ஸ் என்று இன்னொன்று விற்கிறது. ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக ஈசியூவுக்குக் காட்டும். வண்டி துள்ளுவது போலத் தோன்றும், ஆனால் முழுதாக மிதிக்கும்போது கிடைக்கும் திறன் அதேதான். ஓபிடி போர்ட்டில் சொருகியதும் விளக்கு மினுக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாத மலிவுப் பொருள்களும் சந்தையில் இருக்கின்றன. மைலேஜைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல இந்த ரகம்.

எவ்வளவு கூடும், எங்கே வலிக்கும்

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் சிப்பால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். காற்று தானாக உள்ளே வருகிறது, மென்பொருளால் அதைப் பெரிதாகக் கூட்ட முடியாது. டர்போ எஞ்சினில் கதை வேறு. 15 முதல் 30 சதவீதம் வரை கூடுவது சாதாரணம். மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.8 பார் என்பது மொத்தம் 1.8 பார். அதை 1.1 ஆக ஏற்றினால் மொத்தம் 2.1 பார். வெப்பம் மாறாவிட்டால் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 17 சதவீதம் கூடுதல் காற்று போகிறது. அதற்கேற்ற எரிபொருளும் சேரும்போது திறன் கூடுகிறது.

ஓட்டும்போது நாம் உணர்வது பெரும்பாலும் முறுக்குவிசையை, அதாவது டார்க்கை. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை எஞ்சின் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். 2,000 சுற்றில் 250 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினின் திறன் அந்தக் கணத்தில் சுமார் 52 கிலோவாட். அதை 320 ஆக ஏற்றினால் 67 கிலோவாட். முந்திச் செல்லும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். சிப் போட்டவர்கள் மகிழ்ச்சியோடு பேசுவது வெறும் பிரமை அல்ல.

ஆனால் அதே கணக்குக்கு மறுபக்கம் உண்டு. ஒரே வேகத்தில் டார்க் 28 சதவீதம் கூடுகிறது என்றால், பிஸ்டன் தலையை அழுத்தும் சராசரி அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுகிறது. பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங், கிளட்ச், கியர் பற்கள் என்று வரிசையாக ஒவ்வொன்றும் அந்தக் கூடுதல் விசையைச் சுமக்கிறது.

கியர்பாக்ஸை மட்டும் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் வரும் டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ், அதிகபட்சம் 250 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. அதே குழுமத்தின் 150 குதிரைத்திறன் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் தருவதும் 250 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு எண்களும் ஒன்றே. எஞ்சின் இன்னும் தரக்கூடும், ஆனால் கியர்பாக்ஸுக்கு அதற்கு மேல் இடமில்லை. அதில் 320 போட்டால், உலர் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும் நாள் முன்னதாகவே வரும்.

எஞ்சினுக்குள் இன்னொரு ஆபத்து நாக்கிங். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் இருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாக வெடிப்பதே அது. டர்போ அழுத்தம் கூடக் கூட, ஸ்பார்க் முன்னே நகர நகர, அதற்கான வாய்ப்பும் கூடும். நாக் சென்சார் கேட்டவுடன் ஈசியூ ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். ஆகவே ஒன்றிரண்டு முறை நடந்தால் எஞ்சின் தப்பிக்கும். 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டு ஓட்டினால், சென்சார் ஓயாமல் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டிய திறனும் அதில் கரைந்துபோகும்.

நேரடி எரிபொருள் தெளிப்பு உள்ள சிறிய டர்போ எஞ்சின்களில் இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. குறைந்த சுற்றில், அதிகச் சுமையில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. ஒரே ஒரு முறை நடந்தாலும் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட உலோகம் உடையலாம். சிப் விற்பவர்கள் டார்க்கைத் தாராளமாகக் கூட்டும் இடமும் அதே குறைந்த சுற்றுப் பகுதிதான், ஓட்டிப் பார்க்கும்போது உடனே உறைப்பது அங்கேதான் என்பதால்.

டீசலில் கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் கரி. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டிவரும்.

லீஸில் வண்டி யாருடையது

ஒரு காரின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு முடிவில் அது 55 பங்குக்கு விலைபோகும் என்று லீஸ் நிறுவனம் முதல் நாளே கணிக்கிறது. நடுவில் தேயும் 45 பங்கும் அதற்கான வட்டியும்தான் உங்கள் மாதத் தவணை. அந்த 55 பங்குக்கு நீங்கள் பணம் கட்டவேயில்லை. லீஸின் மாதத் தவணை பெரும்பாலும் கடன் தவணையைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

எனவே ஆவணத்தில் உரிமையாளர் லீஸ் நிறுவனம், நீங்கள் பயன்படுத்துபவர். வாடகை வீட்டில் ஆணியடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்கும் நாம், நடுச்சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கிவிட்டுக் காலி செய்யும்போது கட்டிக்கொடுத்துவிடலாம் என்று நினைக்க மாட்டோம். ஈசியூவை மாற்றி எழுதுவது நடுச்சுவரில் கைவைப்பதுதான்.

லீஸ் ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வண்டியில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, தயாரிப்பாளர் சொன்னபடியே பராமரிக்க வேண்டும், வாரண்டியைப் பாதிக்கும் எதையும் செய்யக் கூடாது, திருப்பும்போது இயல்பான தேய்மானம் தவிர முதலில் இருந்தபடியே தர வேண்டும் என்பவை வழக்கமானவை. நீங்கள் சேர்த்த பாகம் நிறுவனத்துக்கே சொந்தமாகிவிடும் என்ற வரியும் சிலவற்றில் உண்டு. மீறினால் லீஸை நடுவிலேயே முடித்து, மீதித் தவணைகளைக் கேட்கும் உரிமையைப் பல ஒப்பந்தங்கள் நிறுவனத்துக்குத் தருகின்றன. கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்து இந்தப் பிரிவை ஒருமுறை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். மென்பொருள் என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும், மாற்றம் என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கும்.

கழற்றிவிட்டால் தெரியாதா?

ரீமேப்பைப் பழையபடி மாற்றி எழுதிவிட்டால் மேப் எண்கள் ஒரிஜினலுக்குத் திரும்பும். ஆனால் பல ஈசியூக்களில், நினைவகம் எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணும் கவுன்டர் உண்டு. சர்வீஸ் சென்டர் பதிவுகளின்படி இரண்டு முறைதான் அப்டேட் ஆகியிருக்க வேண்டும், கவுன்டர் நான்கு என்கிறது என்றால் கேள்வி எழும்.

மேப் மாறிய நிலையில் சர்வீஸுக்கு விட்டால் அது இன்னும் எளிதாகத் தெரியும். ஈசியூவில் இருக்கும் மென்பொருளின் அடையாள எண்ணையும், அதன் எல்லா எண்களிலிருந்தும் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணையும் ஓபிடி போர்ட் வழியே படிக்கலாம். ஒரு கட்டம் மாறியிருந்தாலும் சரிபார்ப்பு எண் பொருந்தாது. சில தயாரிப்பாளர்களின் பரிசோதனைக் கருவி, வண்டியை இணைத்தவுடனே தலைமையகத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிடும். வட அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் மாற்றிய மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த வண்டியின் பதிவில் டிடி1 என்ற குறியீடு ஏறும். பிறகு எந்த டீலரிடம் போனாலும் அது கண்ணில் படும். லீஸ் கொடுத்திருப்பது தயாரிப்பாளரின் சொந்த நிதி நிறுவனம் என்றால், எழுதும் கையும் படிக்கும் கையும் ஒரே குடும்பத்துடையவை.

பிக்கிபேக் பெட்டியில் இந்தப் பிரச்சினை குறைவு. ஆனாலும் கோளாறு பதிவாகும் அந்தக் கணத்தில் எஞ்சின் வேகம், சுமை போன்ற நிலவரத்தை ஈசியூ சேர்த்துப் பதிந்துவைக்கும். மாற்றம் செய்யாத வண்டியில் வரக்கூடாத எண் அங்கே இருந்தால், பெட்டி வீட்டு அலமாரியில் இருந்தாலும் பயனில்லை. வயர் கனெக்டர்களைத் திரும்பத் திரும்பக் கழற்றிய தடமும் இருக்கும்.

யார் கண்ணிலும் படாமலே தப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு 28 சதவீதம் கூடுதல் சுமை தாங்கிய கிளட்சும் டர்போவும் எங்கே போகும்? லீஸ் முடிந்த வண்டி பழைய கார் சந்தைக்குப் போகிறது. பராமரிப்புப் பதிவு சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி, ஒரு குடும்பம் தன் சேமிப்பைப் போட்டு அதை வாங்கும். அந்தக் கிளட்ச் எரியும்போது செலவு அவர்கள் தலையில் விழும். சிப்பைப் பற்றிய விவாதங்களில் இந்த நபரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

வாரண்டி, இன்சூரன்ஸ், புகை விதி

சிப் போட்டால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்பது எல்லா இடத்திலும் உண்மை அல்ல. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின் கீழ், மாற்றம் செய்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுத்துவிட முடியாது. பழுதுக்கு அந்த மாற்றம் காரணம் என்று இருக்க வேண்டும். ஏசி பழுதாவதற்கும் சிப்புக்கும் தொடர்பில்லை. டர்போவோ கியர்பாக்ஸோ போனால் தொடர்பைக் காட்டுவது தயாரிப்பாளருக்குக் கடினமே இல்லை. அப்போது லீஸ்காரரின் நிலை விசித்திரமானது. தனக்குச் சொந்தமில்லாத ஒரு கியர்பாக்ஸைத் தன் காசில் மாற்றிக்கொடுத்துவிட்டு, அந்த வண்டியைத் திருப்பித் தர வேண்டும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எஞ்சின் திறன் கூடியதைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு வழி கிடைக்கும். வண்டி முழுதாக நொறுங்கினால் லீஸ் நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகைக்கு நீங்களே பொறுப்பாகிவிடுவீர்கள்.

புகை விஷயத்தில், மென்பொருள் மட்டுமே எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை உலகம் 2015 செப்டம்பரில் பார்த்தது. ஃபோக்ஸ்வேகனின் டீசல் கார்களில் சோதனையின்போது ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் நிரல் இருந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை வெளியேறியதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொன்னது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள் இதில் சிக்கின. அதன்பின் எஞ்சின் மென்பொருள் மீது அதிகாரிகளின் கண் கூர்மையானது. கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை முதல் புகைச் சோதனையிலேயே மென்பொருளின் சரிபார்ப்பு எண் பார்க்கப்படுகிறது. தயாரிப்பாளருடையதோ அரசு அனுமதி பெற்றதோ இல்லாவிட்டால் வண்டி தேறாது. ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியை உரிய தொழில்நுட்பப் பரிசோதனையில் காட்டி ஏற்புப் பெறாவிட்டால் சாலையில் ஓட்டும் அனுமதியே காலாவதியாகிவிடும். டிபிஎஃபையோ வேறு புகைக் கட்டுப்பாட்டுக் கருவியையோ மென்பொருளில் அணைத்துவைக்கும் ரீமேப் பக்கமே போகாதீர்கள். சொந்த வண்டியாக இருந்தாலும்தான்.

வேகம் வேண்டும் என்றால்

லீஸ் எடுக்கும் முன்பு என்றால் வழி எளிது. அதே காரின் அதிகத் திறன் கொண்ட எஞ்சின் வகையின் தவணையைக் கேட்டுப் பாருங்கள். அதிகத் திறன் கொண்ட வகை பழைய சந்தையிலும் நல்ல விலைக்குப் போகும் மாடல்களில், தேய்மானம் மட்டும் கட்டும் லீஸில் மாத வேறுபாடு விலை வேறுபாட்டைவிடச் சிறிதாக இருக்கும். அதற்கேற்ற கிளட்ச், பிரேக், குளிர்விப்பு எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருந்தி வந்திருக்கும்.

ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், தயாரிப்பாளரே ஒப்புதல் தந்த திறன் மேம்பாடு உங்கள் மாடலுக்கு உண்டா என்று டீலரிடம் விசாரியுங்கள். வால்வோ பல ஆண்டுகள் போல்ஸ்டார் என்ற பெயரில் அப்படியொரு மென்பொருளை வாரண்டி குறையாமல் தந்தது. கூடும் திறன் வெளிச் சந்தையில் சொல்வதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதற்கும் லீஸ் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். போனில் கேட்டு "பரவாயில்லை சார்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். எந்த மென்பொருள், யார் எழுதுவார்கள், திருப்பும்போது பழையபடி மாற்ற வேண்டுமா, வாரண்டிக்கு யார் பொறுப்பு என்ற நான்கையும் குறிப்பிட்டுக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வெளிச் சந்தை ரீமேப்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லீஸ் முடிவில் அந்த 55 பங்கைக் கட்டி, ஆவணத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, இன்சூரன்ஸுக்கும் தெரிவித்துவிட்டு, நல்ல ட்யூனரிடம் வண்டியைக் கொண்டுபோகலாம். கிளட்சின் நிலையையும் ஸ்பார்க் பிளக்குகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி, மாற்றும் முன் ஒருமுறையும் மாற்றிய பின் ஒருமுறையும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒரிஜினல் கோப்பின் நகலையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.